குளிரிலும் உடையாத இணைப்பு

கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். அது வளையாமல் ‘டக்’கென்று இரண்டாகிவிடும். கொண்டை ஊசி ஒன்றை அவ்வாறே வளைத்தால் அது வளைந்து கொடுக்கும், உடையாது. சாக்பீசை நொறுங்கும் பொருள் என்றும், கொண்டை ஊசியை இழுபடும் பொருள் என்றும் கூறுகிறோம். பாலங்கள், கப்பல்கள், கொதிகலன்கள், தொட்டிகள் ஆகியவற்றை எஃகினால் செய்வது, அது வலிமையானது என்பதற்காக மட்டுமன்று. அளவுக்கு மீறிய சுமை வந்தால் உடனே உடைந்துவிடாமல், சற்று வளைந்து நமக்கு எச்சரிக்கை தரும் என்பதற்காகவும்தான்.

அந்த எஃகே கடுங்குளிரில் சாக்பீசைப் போல் நொறுங்கக்கூடும் என்பதை மனித இனம் பல உயிர்களை இழந்த பிறகே நன்றாக அறிந்துகொண்டது. குளிரைத் தாங்கும் புதிய எஃகு வகையைக் கண்டுபிடித்த பின்னும் ஒரு சிக்கல் மீதியிருந்தது. அந்த எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது? விடையாகக் கிடைத்தது, எஃகே அல்லாத வேறோர் உலோகம். அதுவே நிக்கல் கலவை. அதன் கதையையும் அது பயன்படும் விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

1944 அக்டோபர் 20

பூமியிலிருந்து கிடைக்கும் இயற்கை வாயுவைப் பூஜ்யத்திற்குக் கீழே 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது திரவமாகிறது. அப்போது அதன் பருமன் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஓர் அறை நிறைய இருக்கும் வாயுவை ஒரு சிறு குடத்தில் அடக்கிவிடுவது போன்ற வித்தை இது. கோடையில் மிஞ்சும் வாயுவை இவ்வாறு சேமித்து வைத்து, குளிர்காலத்தில் வீடுகளுக்கு வழங்கலாம் அல்லவா?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரில் இப்படி ஒரு நிலையம் இருந்தது. 1944-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் பிற்பகலில் அங்கிருந்த தொட்டி ஒன்று பிளந்தது. திரவ வாயு தெருக்களிலும் பாதாளச் சாக்கடைகளிலும் ஓடிப் பரவி, ஆவியாகித் தீப்பற்றியது. 130 பேர் உயிரிழந்தனர். சுற்றியிருந்த வீடுகள் பல சாம்பலாயின. பிளந்த அந்தத் தொட்டியின் எஃகில் நூற்றுக்கு 3.5 பங்கு நிக்கல் கலந்திருந்தது. சாதாரண எஃகைவிட அது குளிரை நன்கு தாங்கும் என்பது உண்மையே. ஆனால் 162 டிகிரிக் குளிருக்கு அது போதவில்லை.

இதற்கு முந்திய ஆண்டிலேயே கடல் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தது. 1943 ஜனவரி 16-ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில் அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், புயலோ மோதலோ ஏதுமின்றி ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட வேறு பல கப்பல்களிலும் இத்தகைய விரிசல்கள் தோன்றின. பழைய கப்பல்களின் தகடுகள் தறையாணிகளால் இணைக்கப்பட்டவை, இவையோ பற்றவைக்கப்பட்டவை. ஆகவே குற்றம் முழுவதும் பற்றவைத்தவர்களின் தலையில் விழுந்தது.

இதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி என்பது நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் (1894–1995) என்னும் உலோகவியல் அறிஞரே அவர். எஃகுத் துண்டுகளைப் பல வெப்பநிலைகளில் உடைத்துச் சோதித்த அவர், குறை முதன்மையாக எஃகிலேயே இருப்பதைக் காட்டினார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் எஃகு இழுபடும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. தறையாணி வைத்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலோ தகடுகள் யாவும் ஒரே உடலாகிவிடுவதால் விரிசல் தடையின்றி ஓடுகிறது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு: குளிரிலும் நொறுங்காத எஃகு வேண்டும், அந்த எஃகை இணைக்கும் உலோகமும் குளிரில் நொறுங்காததாக இருக்க வேண்டும்.

அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்

எஃகு நொறுங்குவதும் நிக்கல் நொறுங்காமல் இருப்பதும் ஏன்? இரண்டும் உலோகங்கள்தாம். உருகும் நிலையிலும் பெரிய வேறுபாடில்லை. இரும்பு 1538 டிகிரியிலும் நிக்கல் 1455 டிகிரியிலும் உருகுகின்றன. வேறுபாடு அணுக்களின் அடுக்கில் உள்ளது.

ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்து கொள்வோம். அதன் எட்டு மூலைகளிலும் ஓர் அணு, நடுவிலும் ஓர் அணு. சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அடுக்கு இதுவே. நிக்கலிலோ எட்டு மூலைகளிலும் அணுக்கள் இருக்க, நடுவிலிருக்க வேண்டிய அணுவுக்குப் பதிலாக ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் அமைந்துள்ளன. இவ்விரண்டாவது அமைப்பில் அணுத் தளங்கள் நெருக்கமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால், எவ்வளவு குளிரிலும் ஒரு தளம் மற்றொன்றின் மேல் வழுக்கிச் செல்ல முடியும். அப்படி வழுக்குவதைத்தான் நாம் ‘வளைதல்’ என்று வெளியே காண்கிறோம். முதல் அமைப்பில் குளிர் கூடக்கூட வழுக்குதல் கடினமாகிறது. வழுக்க முடியாத தளங்கள் சுமை தாளாமல் பிளந்துவிடுகின்றன.

நிக்கலுக்குப் பெயர் வந்த கதையும் சுவையானது. ஜெர்மன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செம்புத் தாது போலவே தோன்றிய ஒரு தாது கிடைத்தது. உருக்கிப் பார்த்தால் செம்பு வரவில்லை. ஏதோ குறும்புக்காரப் பேயின் வேலை என்று எண்ணி அதனைச் ‘செம்புப் பேய்’ என்னும் பொருளில் ‘குப்பர்நிக்கல்’ என்று ஏசினார்கள். அத்தகைய தாதிலிருந்து 1751-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆக்ஸல் கிரான்ஸ்டெட் புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஏச்சுப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அன்று பழி சுமந்த அந்த உலோகமே பிற்காலத்தில் உயிர் காக்கும் உலோகமாயிற்று.

ஒன்பது பங்கு நிக்கல்

இரும்புடன் நிக்கலைச் சேர்க்கச் சேர்க்க, அது நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை கீழே கீழே இறங்குகிறது. 1940-களில் நூற்றுக்கு 9 பங்கு நிக்கல் கலந்த எஃகு உருவாக்கப்பட்டது. தகுந்த முறையில் காய்ச்சிப் பதப்படுத்தினால் இது பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரியிலும், அதாவது திரவ நைட்ரஜனின் குளிரிலும், நொறுங்குவதில்லை.

இதன் வலிமையோ வியப்புக்குரியது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோகிராம் சுமை ஏறினால்தான் இது அறுபடும். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள சதுரக் கம்பி 7 டன் தாங்கும் என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். வளர்ந்த யானை ஒன்றை அதில் தொங்கவிடலாம்!

இத்தகைய தகடுகளை வளையங்களாக அடுக்கித்தான் திரவ வாயுத் தொட்டிகளைக் கட்டுகிறார்கள். ஒரு தொட்டியில் கிலோமீட்டர் கணக்கில் இணைப்புகள் வரும். தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இணைப்பில் ஓர் இடம் நொறுங்குமானால் தொட்டி முழுவதும் போயிற்று.

எஃகை எஃகால் ஏன் இணைப்பதில்லை?

பற்றவைக்கும்போது, மின்வில்லின் பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் தகடுகளின் ஓரமும் வெல்டிங் ராடும் சேர்ந்து உருகி, சிறு குளம் போல் தேங்கி, பின் உறைகின்றன. தொழிற்சாலையில் தகட்டைப் பொறுமையாகக் காய்ச்சி, குளிர்வித்து, மீண்டும் மிதமாகக் காய்ச்சிப் பதப்படுத்தியிருப்பார்கள். குளம் உறைவதோ சில நொடிகளில். அதற்குப் பதப்படுத்தல் கிடைப்பதில்லை. ஆகவே அதே ஒன்பது பங்கு நிக்கல் எஃகை ராடாகக் கொண்டு பற்றவைத்தால், தகட்டுக்கு உள்ள குளிர் தாங்கும் ஆற்றல் இணைப்புக்கு நிச்சயமாக வரும் என்று சொல்வதற்கில்லை. கட்டி முடித்த தொட்டியை முழுதாக உலையில் வைத்துக் காய்ச்சவும் முடியாது. பல மாடிக் கட்டடம் போன்ற தொட்டிக்கு உலை எங்கே கட்டுவது?

இவ்விடத்தில்தான் நிக்கல் கலவை கைகொடுக்கிறது. நூற்றுக்கு 60 பங்கு அளவில் நிக்கலும், அத்துடன் குரோமியம், மாலிப்டினம், நியோபியம் முதலியனவும் சேர்ந்த ராடுகள் பயன்படுகின்றன. இன்கோனல், ஹேஸ்டெல்லாய் என்ற வணிகப் பெயர்களில் விற்கும் கலவைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றால் விளையும் நன்மைகள் நான்கு.

முதலாவது: முகமைய அணு அடுக்கு கொண்டவையாதலால், உறைந்த நிலையிலேயே, எவ்விதப் பதப்படுத்தலும் இன்றி, கடுங்குளிரில் நொறுங்காமல் நிற்கின்றன. 1960-ல் அமெரிக்காவில் ஒன்பது பங்கு நிக்கல் எஃகுக் கலன்களைக் கடுங்குளிரூட்டி உடையும்வரை சோதித்துப் பார்த்தார்கள். பற்றவைத்த பின் கலனைக் காய்ச்ச வேண்டியதில்லை என்பது அச்சோதனைகளால் உறுதிப்பட்டது.

இரண்டாவது: சுருக்கம். வெயிலில் தண்டவாளம் நீள்வதையும் குளிரில் சுருங்குவதையும் இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம். நம் ஊர் வெப்பத்திலிருந்து திரவ வாயுவின் குளிருக்குப் போகையில், ஒன்பது பங்கு நிக்கல் எஃகு மீட்டருக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. 80 மீட்டர் குறுக்களவுள்ள தொட்டி என்றால், ஏறக்குறைய நம் பெட்டியில் வைத்திருக்கும் 15 சென்டிமீட்டர் அளவுகோலின் நீளத்துக்கு அது சுருங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகும் கடுங்குளிரில் நொறுங்காதது, விலையும் குறைவு. ஆனால் அது மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவில் சுருங்குகிறது. தகடு ஓர் அளவாகவும் இணைப்பு வேறோர் அளவாகவும் சுருங்கினால், இரண்டும் சேருமிடத்தில் ஓயாத இழுபறிதான். நிக்கல் கலவையோ தகட்டோடு பெரும்பாலும் ஒத்துச் சுருங்குகிறது.

மூன்றாவது: பெருந்தன்மை. பற்றவைக்கும்போது தகட்டு ஓரத்தின் இரும்பு உருகி, குளத்தில் நாலில் ஒரு பங்கு வரைகூடக் கலந்துவிடும். அவ்வளவு இரும்பை ஏற்றுக்கொண்ட பிறகும் நிக்கல் கலவை தன் அணு அடுக்கை மாற்றிக்கொள்வதில்லை.

நான்காவது: ஹைடிரஜனை அடக்குதல். ராடின் பூச்சில் ஈரம் இருந்தால், மின்வில்லின் வெப்பத்தில் அது பிரிந்து ஹைடிரஜன் பிறக்கிறது. வலிமை மிகுந்த எஃகுகளில், இணைப்பை ஒட்டிய பகுதி சூடாகி விரைவில் ஆறுவதால் கடினமாகிவிடும். அங்கே ஹைடிரஜன் போய்ச் சேர்ந்தால், பற்றவைத்துச் சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தானே விரிசல் காணும். நிக்கல் கலவை ஹைடிரஜனைத் தன்னுள்ளேயே தங்கவைத்து, கடினமான பகுதிக்கு எளிதில் போகவிடாமல் தடுக்கிறது.

ஒரு குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். நிக்கல் இணைப்பு தகட்டைவிடச் சற்று மென்மையானது. தகடு நிலையாக நீளத் தொடங்குவது சதுர மில்லிமீட்டருக்கு 60 கிலோகிராம் அளவில் என்றால், இணைப்பு 45 கிலோகிராம் அளவிலேயே இளகத் தொடங்கும். தொட்டியை வடிவமைக்கும் பொறியாளர்கள் இதை மனத்திற்கொண்டு, இணைப்பின் வலிமையை அடிப்படையாக வைத்தே தகட்டின் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். ‘எல்லாவற்றிலும் கடினமானதே எல்லாவற்றிலும் சிறந்தது’ என்ற எண்ணம் இங்கே பொய்யாகிறது. வெள்ளத்தில் மரம் சாய, வளைந்து கொடுக்கும் நாணல் நிற்பதை நாம் அறிவோம் அன்றோ?

வெல்டரின் விழிப்பு

நல்ல ராடு இருந்தால் மட்டும் போதாது. நிக்கல் உயர்ந்த உலோகமே ஆயினும் அதற்கும் பகைகள் உண்டு. அவற்றுள் கொடியது கந்தகம். நிக்கலும் கந்தகமும் சேர்ந்த கலப்பு 640 டிகிரி அளவிலும் உருகிய நிலையிலேயே இருக்கும். சுற்றியுள்ள உலோகம் உறைந்து சுருங்கி இழுக்கும்போது, இன்னும் உறையாத அந்த மெல்லிய படலம் பிளந்து கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே பிறக்கிறது.

கந்தகம் எங்கிருந்து வருகிறது? இயந்திர எண்ணெய், கிரீஸ், பெயிண்ட், தகட்டில் அடையாளமிடும் வண்ணக்குச்சி இவற்றிலிருந்து வரலாம். பாஸ்பரசும் ஈயமும்கூட இதே தீங்கைச் செய்யும். ஆகவே பற்றவைக்கும் முன் ஓரங்களைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பளபளவென்று வைத்துக்கொள்ள வேண்டும். அழுக்குத் துணியால் ஒரு முறை துடைத்தாலே கெடுதல் வந்துவிடும். அடுக்களையில் பால் காய்ச்சும் பாத்திரத்தில் புளிப்பு ஒட்டியிருந்தால் என்ன நேரும் என்று நம் அன்னையரைக் கேட்டால் தெரியும். இதுவும் அப்படித்தான்.

அடுத்தது, உருகிய நிக்கல் கலவை எஃகைப் போல் தண்ணீராக ஓடிப் பரவுவதில்லை. கெட்டியான பாகு போல் மந்தமாக நகரும். பொறுமையற்றவர்கள் அது நன்றாக ஓடட்டும் என்று மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். அது தவறு. வெப்பம் மிகுந்தால் விரிசலும் மிகும். இரு தகடுகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சற்று அகலமாக வெட்டிக்கொண்டு, ராடை மெல்ல அசைத்து, உலோகம் சேரவேண்டிய இடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசைக்கு முன் 150 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். ஒவ்வொரு வரிசையின் மேலும் படியும் கசடை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். ராடுகளை அடுப்பிலிட்டு உலர்த்தி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது தொல்லை காந்தம். ஒன்பது பங்கு நிக்கல் எஃகு எளிதில் காந்தமாகிவிடும் இயல்புடையது. தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் மின்வில் காற்றில் ஆடும் விளக்குச் சுடர் போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உலோகம் சேரவேண்டிய இடத்தில் சேராது. ஆகவே இத்தகடுகளைக் காந்தப் பளுதூக்கிகளால் தூக்குவதைத் தவிர்க்கிறார்கள். பற்றவைக்கவும் பெரும்பாலும் திசைமாறு மின்னோட்டத்தையே பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே பார்க்கும் கண்

வேலை முடிந்தது. இணைப்பு வெளியே அழகாக வரிவரியாகத் தெரிகிறது. உள்ளே எப்படி என்று யார் அறிவார்? எக்ஸ்-கதிர் அறியும். மருத்துவமனையில் எலும்பைப் படம் பிடிப்பது போலவே இணைப்பையும் படம் பிடித்து, ஒட்டாத இடம், வாயுக் குமிழி, விரிசல் இவை இருந்தால் வெட்டியெடுத்து மீண்டும் பற்றவைக்கச் செய்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. தொட்டியில் செய்யப்போகும் அதே முறையில் மாதிரித் தகடுகளைப் பற்றவைத்து, அந்த இணைப்பிலிருந்து 55 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் சதுரமும் கொண்ட சிறு துண்டுகளை அறுத்தெடுக்கிறார்கள். நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழமுள்ள வெட்டு ஒன்று போட்டு, பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரிக்குக் குளிர்வித்து, ஊசல் போல் ஆடிவரும் சம்மட்டியால் ஒரே அடி. துண்டை முறித்துக் கடந்த பின் ஊசல் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். குறைந்த உயரமே ஏறினால், துண்டு அதிக ஆற்றலை விழுங்கிக்கொண்டது என்று பொருள். அதுவே நல்ல இணைப்பு. முறிந்த முகத்தைப் பார்த்தாலும் தெரியும். நொறுங்கியது சர்க்கரைக் கட்டி போல் மின்னும். இழுபட்டு முறிந்தது நார்நாராக மங்கித் தோன்றும்.

நம் மண்ணில்

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். சென்னைக்கு வடக்கே எண்ணூரில், காமராஜர் துறைமுகத்தில், கப்பலில் வரும் திரவ இயற்கை வாயுவை இறக்கிச் சேமிக்கும் நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது. அங்குள்ள இரு தொட்டிகளும் ஒவ்வொன்றும் 1,80,000 கனமீட்டர் கொள்ளளவு உடையவை. திருச்சியில் 1975-ல் தோன்றிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இக்கலையில் ஆராய்ச்சியும் பயிற்சியும் அளித்து வந்துள்ளது.

நம் ஊர்ப் பட்டறையிலும் நிக்கலைக் காணலாம். வார்ப்பிரும்பாலான பம்பு உறையோ இயந்திரப் பகுதியோ விரிசல் விட்டால், அனுபவமுள்ள பட்டறைக்காரர் சாதாரண ராடை எடுப்பதில்லை. விலை அதிகமானாலும் நிக்கல் ராடைத்தான் எடுப்பார். சிறிது சிறிதாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, மீண்டும் தொடர்வார். வார்ப்பிரும்பு வளையாத பிடிவாதக்காரன்; அதனால் இணைப்புதான் இளகிக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் கைப்பழக்கத்தால் அறிந்தவர்.

நாம் கற்பது

கிளீவ்லாந்தில் இறந்த 130 பேரில் பலர் அத்தொட்டியின் எஃகைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். வீட்டிலும் தொழிற்கூடத்திலும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இன்றும் இத்தகைய தொட்டிகளின் அருகே வாழும் மக்கள், முகம் தெரியாத ஒரு வெல்டரின் நேர்மையை நம்பித்தான் இரவில் உறங்குகிறார்கள். பள்ளத்தின் அடியில் போடும் முதல் வரிசை பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. அதன்மேல் பல வரிசைகள் மூடிவிடும். அந்த மறைவான வரிசையைத் துடைத்துச் சுத்தமாகப் போடுவதும், அவசரத்தில் அழுக்கோடு போடுவதும் அவருடைய மனச்சாட்சியைப் பொறுத்தது. எக்ஸ்-கதிர் பிற்பாடுதான் வருகிறது. இறைவனின் கண் அப்போதே அங்கே இருக்கிறது.

நிக்கல் இணைப்பு தகட்டைவிட மென்மையானது. ஆயினும் தகடுகளைச் சேர்த்து நிறுத்துவது அதுவே. இரு பக்கத்து இரும்பையும் தன்னுள் ஏற்கிறது. தன் இயல்பை இழப்பதில்லை. தகடு சுருங்கும்போது தானும் சுருங்குகிறது. தீங்கானதை மற்றவர் பக்கம் போகவிடாமல் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. குடும்பத்திலும் வகுப்பிலும் விடுதியிலும் இப்படிப்பட்ட ஒருவராவது இருந்தால், எத்தனை கடுங்குளிர் வந்தாலும் அந்த இல்லம் பிளவுபடாது. அந்த ஒருவராக நாமே இருக்க முயல்வோமாக!